பெருக்கும் வாரத்தில் வந்த பெரிய ஆட்டம்

அவைக்கு அணி சேர்த்து அமர்ந்திருக்கும் நம் கால்பந்துக் கழகத் தலைவி உல்ரிகே அம்மையார் அவர்களே! எனக்கு முன்னால் எழுந்து, என் பேரனுக்கு எதிராக இடியென முழங்கிவிட்டு, இப்போது ஏதும் அறியாதவர்போல் ப்ரெட்செல் கடித்துக்கொண்டிருக்கும் முன்னாள் தலைவர் ஆய்கன் ஷ்டேப்லர் அவர்களே! முழங்கால் வலித்தாலும் முன்வரிசையை விட்டுக்கொடுக்காத மூத்த ஆட்டக்காரர்களே! உருளைக்கிழங்கு சாலட்டை ஊரே மெச்சக் கிளறிக் கொண்டுவந்த தாய்மார்களே! பியர் தீர்ந்துவிடுமோ என்ற பெருங்கவலையோடு பின்வாசலில் நிற்கும் வாலிபர்களே! அனைவருக்கும் இந்த வால்புர்கா மெர்க்லேயின் வணக்கம்.

முதலில் என் வீட்டுப் பிள்ளைகளின் பெருமையைப் பேசிவிடுகிறேன். பேசாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. மூத்த பேத்தி ரோஸ்விதா, உல்ம் நகரில் பல் மருத்துவர். இந்த மண்டபத்தில் பாதிப்பேர் வாய்திறந்து சிரிக்கிறீர்களே, அது அவள் கைவண்ணம்! அடுத்தவன் கெர்னோட், பித்தளை வாத்தியக் குழுவில் பெருங்குழல் ஊதுகிறான். மாவட்டப் போட்டியில் இரண்டாம் பரிசு. முதல் பரிசு வாங்கியவன் நடுவரின் மருமகன் என்பதை நான் சொல்லவே மாட்டேன். கடைக்குட்டி ஃப்ரீடா, நீச்சல் பட்டயம் வாங்கிவிட்டாள். குளத்தின் அடியில் கிடந்த வளையத்தை எடுத்துவா என்றார்களாம். வளையத்தோடு யாரோ தொலைத்த மூக்குக் கண்ணாடியையும் எடுத்து வந்தாள்!

என்ன ஆய்கன்? "அக்கா, விஷயத்துக்கு வாங்க, சூப்பு ஆறுது" என்கிறீர்களா? வந்துவிட்டேன் ஐயா, வந்துவிட்டேன்.

விஷயம் என்ன? அதோ அந்தச் சுவர்! நம் வைட்டன்பாக் கழகத்தில் பந்து உதைத்து வளர்ந்து, பண்டஸ்லிகா என்னும் முதல் பிரிவில் ஆடியவர்களின் படம் தொங்கும் சுவர். அங்கே என் பேரன் லோரென்ஸின் படத்தை மாட்டலாமா, கூடாதா? இன்று நீங்கள் கைதூக்கித் தீர்மானிக்கப் போவது அதைத்தான். மாட்டக் கூடாது என்கிறார் ஆய்கன். ஏன்? "பதினோரு வருஷம் பெரிய கழகத்துல சம்பளம் வாங்கினான். முதல் பிரிவுல ஒரு நிமிஷம் ஆடினானா?" என்கிறார்.

உண்மை! ஒரு நிமிடம்கூட ஆடவில்லை! மறைப்பேனா? மறுப்பேனா? மாட்டேன்! என் பேரன் மாற்று கோல்கீப்பர். அவன் தொழில் உட்காருவது! உட்காருவது எளிது என்று நினைக்கிறீர்களா? மழையில் உட்கார வேண்டும். பனியில் உட்கார வேண்டும். முன்னே நிற்பவன் முட்டாள்தனமாகக் கோல் வாங்கினால் முகம் சுளிக்காமல் உட்கார வேண்டும். அவன் அற்புதமாகத் தடுத்தாலோ, நம் பிழைப்பில் மண் விழுந்ததே என்று நினைக்காமல் கைதட்டிக்கொண்டே உட்கார வேண்டும்! ஆய்கன், நீங்கள் சர்ச்சில் முக்கால் மணி நேரம் உட்காருவதற்கே மூன்று தடவை எழுந்து வெளியே போகிறீர்களே!

சிரிக்காதீர்கள், சிரிக்காதீர்கள். அவர் மனைவி சிரிக்கலாம். அவருக்கு உரிமை இருக்கிறது.

ஆறு வயதில் இவனை ஏன் கோலில் நிறுத்தினார்கள், தெரியுமா? மற்ற பிள்ளைகள் பந்தைத் துரத்தி ஓடுவார்கள். இவன் அவர்கள் கழற்றி எறிந்த சட்டைகளை மடித்து அடுக்கிக்கொண்டிருப்பான். "இவன் ஓட மாட்டான்மா, ஒரே எடத்துல நிக்கட்டும்" என்றார் பயிற்சியாளர். நின்றான். நின்று வென்றான்! பதினைந்து வயதில் நகரத்துப் பெரிய கழகம் வந்து அள்ளிக்கொண்டு போனது. பிறகு மூன்றாம் பிரிவுக்கு இரவல் கொடுத்தார்கள். வடக்கே கடற்கரை ஊரில் இரண்டு பருவம் ஆடினான். காற்றடித்தால் கோல்கம்பமே கொஞ்சம் நகரும் ஊர் அது. திரும்பி வந்தான். மீண்டும் பெஞ்சு. ஒருநாள் தொலைக்காட்சியில் அவன் முகம் வந்தபோது இதே மண்டபத்தில் எல்லோரும் எழுந்து ஆர்ப்பரித்தோமே, நினைவிருக்கிறதா? அவன் என்ன செய்துகொண்டிருந்தான்? கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தான்! ஆனால் வாயைக் கையால் மறைத்துக்கொண்டு விட்டான், ஐயா! அது வளர்ப்பு!

சரி. இப்போது அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். முதல் கோல்கீப்பருக்கு முதுகு பிடித்துக்கொண்டது. இரண்டாமவனுக்கு வயிறு புரண்டது. மூன்றாமவன் யார்? என் லோரென்ஸ்! அவன் பிறந்ததிலிருந்து காத்திருந்த ஆட்டம். அவனோ நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை. பதின்ம வயதுப் பையன் ஒருவனைக் கோலில் நிறுத்தினார்கள். அவன் பெனால்டி தடுத்தான், பேர் வாங்கினான், இன்று இங்கிலாந்தில் ஆடுகிறான். நம் ஊர் என்ன பேசியது? "ராத்திரி குடிச்சிருப்பான், தூங்கிட்டிருப்பான்." பேசினீர்களா, இல்லையா? குனிந்துகொள்ளாதீர்கள், எனக்கு எல்லாத் தலையும் தெரிகிறது.

லோரென்ஸ் வாயே திறக்கவில்லை. ஏன் என்று எனக்கும் தெரியாது, போன மாதம்வரை. அவன் குடியிருந்த வீட்டின் கீழ்த்தளத்து ஸீக்ருன் அம்மாள் எனக்குத் தொலைபேசினார். "உங்க பேரன் வீட்டைக் காலி பண்ணிட்டுப் போறானே, அவன மாதிரி இனி யார் இந்தப் படியைத் துடைப்பா?" என்று அழுதார். பிறகு நடந்ததைச் சொன்னார்.

அன்று அவனுக்குப் பெருக்கும் வாரம்!

ஆ... எல்லோரும் தலையாட்டுகிறீர்கள், பார்த்தீர்களா? நம் ஷ்வேபிய மண்ணில் பிறந்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டுமா? அவன் கதவில் முறைப் பலகை தொங்குகிறது; அந்த வாரம் மாடிப்படியைத் துடைப்பதும் வாசலைப் பெருக்குவதும் அவன் பொறுப்பு. மூன்று மாடிப் படியிலும் சோப்புத் தண்ணீர் ஊற்றியாகிவிட்டது. அப்போது பயிற்சியாளர் தொலைபேசியில் அலறுகிறார்: "லோரென்ஸ், நீதான்டா இன்னிக்கு! ஓடி வா!" இவன் வாளியை வைத்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினான். கீழே நின்றார் ஸீக்ருன் அம்மாள்.

"எங்க தம்பி போற?"

"ஆட்டம் இருக்கும்மா. ராத்திரி வந்து தொடச்சிடறேன்."

"போ, தாராளமாப் போ. ஆனா படி நுரையாக் கெடக்கு. மூணாம் மாடி பெரியவர் பேத்தியப் பாக்கக் கெளம்பற நேரம். அவருக்குக் கண்ணும் தெரியாது. நான் சொல்லல, சும்மா ஞாபகப்படுத்தறேன்."

ஓடினான் பிள்ளை! தெருமுனை டிராமில் ஒரு காலும் வைத்துவிட்டான்! வைத்த காலை எடுத்தான். திரும்பி வந்தான். மூன்று மாடியும் உலரத் துடைத்தான். பெரியவரைக் கைபிடித்து இறக்கிவிட்டான். "அப்படியே வாசலையும்..." என்றார் ஸீக்ருன் அம்மாள். இலையுதிர் காலம்! பெருக்கப் பெருக்க மரம் உதிர்க்கிறது! "அம்மா, மரத்துக்கும் ஒரு வாரம் குடுங்கம்மா" என்று கெஞ்சினானாம். மைதானத்துக்குப் போனபோது ஆட்டக்காரர் பெயர்களைக் கொடுத்து முடித்திருந்தார்கள். "எங்கடா போன?" என்று பயிற்சியாளர் கேட்க, நடந்ததைச் சொன்னான். "வெளியில சொல்லித் தொலைக்காத. எதிரணி ரசிகன் ஒவ்வொருத்தனும் தொடப்பத்தோட வருவான்" என்றார் அவர். சொன்னபடியே இருந்தான்.

என்ன லோரென்ஸ்? "பாட்டி, போதும், எறங்குங்க" என்கிறாயா? நீ உட்காரடா. உட்காருவதில்தான் உனக்கு அனுபவம் இருக்கிறதே!

பெரியோர்களே! பெற்றோர்களே! பேர்பெற்ற வைட்டன்பாக் பெருமக்களே! புகழ் ஒரு பக்கம் அழைத்தது. புழங்கும் படி ஒரு பக்கம் அழைத்தது. பல்லாயிரம்பேர் கூச்சல் ஒரு காதில்; ஒரு கிழவரின் கைத்தடி ஓசை மறு காதில். அவன் எந்தக் காதால் கேட்டான்? முதல் பிரிவில் ஆடாதவன் என்கிறீர்கள். ஆம், ஆடவில்லை! ஆகவே நான் ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஈரப் படியை அப்படியே விட்டுவிட்டு அவன் ஆடப் போயிருக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் மட்டும் கை தூக்குங்கள்!

தூக்குங்களேன். தயங்காதீர்கள். எங்கே ஒரு கை? எங்கே? ஆய்கன், உங்கள் கையைத்தான் தேடுகிறேன்.

"எப்படிக்கா தூக்கறது? பக்கத்துல என் வீட்டுக்காரி உக்காந்திருக்கா. அடுத்த வாரம் எங்க முறை."

கேட்டீர்களா! அப்படியானால் படத்தை மாட்டலாம் என்பவர்கள்? அடடா! அடடா! தலைவி அவர்களே, எண்ணவே வேண்டாம். வாசலில் நிற்கும் வாலிபர்கள் பியர்க் கோப்பையோடே கை தூக்கிவிட்டார்கள். ஆய்கன் இரண்டு கையும் தூக்குகிறார். ஒன்று போதும் ஐயா, சட்டம் சட்டம்தான்!

பொறுமையாகக் கேட்ட பெரியவர்களுக்கும், சூப்பை மறுபடி சூடாக்கப் போகும் தாய்மார்களுக்கும், தோற்றும் சிரிக்கத் தெரிந்த ஆய்கனுக்கும் என் நன்றி கலந்த வணக்கம். ஒரே ஒரு விண்ணப்பம், தலைவி அவர்களே. கழகத்தின் கோப்பில் இருக்கும் அவன் படம் வேண்டாம். அதில் பெஞ்சுக் கூரையின் கம்பி அவன் முகத்தை மறைக்கிறது. புதிதாக ஒன்று எடுங்கள். கையுறை போட்டு, நிமிர்ந்து, கோலுக்கு நடுவில் நிற்கட்டும். அதை நாளைக்கே சுவரில் மாட்டிவிடுங்கள்.