காயாத தரை

விருதுநகரிலிருந்து சிவகாசி போகும் பஸ்ஸில், என் முன் சீட்டில் ஒரு காலண்டர் கம்பெனி மேனேஜரும் கார்ப்பெட் போடுகிறவரும்.

"தரையில ஒட்டுன பிளாஸ்டிக் தாளை ஏன் அண்ணாச்சி பிச்சீக?" என்றார் கார்ப்பெட்காரர்.

"அடியில தண்ணி முத்து முத்தா நின்னுச்சு. மொதலாளி பாத்துருவாகளேன்னு தொடச்சுட்டேன்."

"அதைப் பாக்கத்தானே ஒட்டுனேன்! அண்டர்கிரவுண்டு ஹாலு, மண்ணுல இருந்து ஈரம் ஏறுது. இப்பக் கார்ப்பெட் போட்டா ஒரே மாசத்துல பூஞ்சை."

"ஆடிப்பெருக்கு அன்னைக்கு அங்கனதான் அடுத்த வருசக் காலண்டர் மாதிரி ஆல்பம் வெளியிடுறோம். ஆர்டர் குடுக்க ஏஜெண்டுக வந்துருவாகளே."

"வெறுந்தரையில நிக்கட்டும்."

"காஞ்சிருச்சுன்னு மொதலாளிகிட்டச் சொல்லிட்டேனே."

"யாரு சொன்னதா?"

"நீங்க சொன்னதா."

கார்ப்பெட்காரர் போனில் முதலாளியை அழைத்து, மணி அடிக்கும்போதே மேனேஜரிடம் நீட்டினார்.

ஓடும் பஸ்ஸில் மேனேஜர் எழுந்து நின்றார்.

"வணக்கம் மொதலாளி. ஒரு தப்புப் பண்ணிட்டேன்."