கொடியைக் கடந்த படகு

— அடுத்த ஞாயித்துக்கிழமைன்னுல்ல மெசேஜ் போட்ட, சேச்சி?

— ஆத்தி! ஷீபா! நீ எப்படி இங்கன?

— கூடலூர்ல ஜீப்பு பிடிச்சு வந்தேன். கேட்டுல மாவிலை, மைக்செட்டு, படகுக்கெல்லாம் சந்தனம் பூசியிருக்கு. பாய்ப்படகு கிளப்புல சீசன் தொறக்கிற நாளு இன்னிக்குத்தான் போல.

— அது வந்து… தேதிய மாத்திப்புட்டாக. திடீர்னு. உனக்குப் போன் போடணும்னுதான் இருந்தேன்.

— கொழப்பமில்ல, விடு. நம்ம படகுக்கு மாலை கொண்டாந்திருக்கேன். வருசா வருசம் நான்தானே போடுறது.

— கொண்டா, நான் கட்டுறேன். நீ கையைத் தூக்காத, தோளு நோவும்.

— நோவெல்லாம் போயிருச்சு. பந்தல்ல திராட்சை வெட்டவே போறேனே.

— சரியாயிருச்சா? ஒரு வார்த்தை சொல்லல பாத்தியா!

— நீ போன் எடுத்தாத்தானே.

— ஏத்தா பாண்டீஸ்வரி! படகெல்லாம் வரிசைக்குப் போயாச்சு, நீ இன்னும் கரையிலயே நிக்கிற! உன் ஜோடி எங்க?

— வந்துருவான் ஞானதுரை சார். கம்பம் ரோட்டுல மரம் விழுந்து வண்டியெல்லாம் நிக்குதாம்.

— வண்டி நிக்கலாம், கொடி நிக்காது தாயி. இன்னிக்குக் கொடிமரத்துக்கு முன்னால போகாத படகுக்கு இந்த சீசன் பூராவும் போட்டி கிடையாது. நேவிய விட்டு வந்து இந்தக் கிளப்ப ஆரம்பிச்ச நாள்ல இருந்து அதான் ரூலு. எனக்கு மகளாயிருந்தாலும் அதேதான். அட, இந்தா ஷீபா நிக்குதே! பெறகென்ன யோசனை? ஏறுங்க, சட்டுபுட்டுனு!

— ஷீபா… சார் கேட்டாகளே, அந்த ஜோடி அருண்பாண்டி. இந்த வருசம் அவனும் நானும் போறதா இருக்கு.

— ம்.

— தேதி மாறவே இல்ல புள்ள. பொய் சொன்னேன். நீ வந்து நின்னா அவனை ஏத்த எனக்கு மனசு வராது. குமுளிக்காரங்கிட்ட எத்தனை வருசம்தான் ரெண்டாவதா வாறது? இந்தத் தடவையாச்சும் கப்ப வாங்கிரணும்னு ஒரு வெறி. நீ வர மாட்டேன்னு சொன்னாலும் நியாயந்தான்.

— லைஃப் ஜாக்கெட்ட எடு சேச்சி. போலாம்.

— கயித்தக் கொஞ்சம் இழு… போதும். யாத்தே, மலைக்காத்து என்னமா எறங்குது! கரையில கைதட்டுறாக பாரு.

— ம்.

— என்ன, இப்படி ஓரத்தப் புடிச்சுக்கிட்டு ஒக்காந்திருக்க? விரலெல்லாம் வெளுத்துப்போச்சு.

— ஒண்ணுமில்ல. ஓட்டு.

— தலையக் குனி, திருப்பப் போறேன். பாத்தியா, முன்கூட்டியே சொல்லிட்டேன். போன சீசன் போட்டி அன்னிக்குத்தான் சொல்லாமத் திருப்பிப்புட்டேன். பாய்க்கட்டை உன் தோள்ல அடிச்சு நீ தண்ணிக்குள்ள விழுந்தது… அத நெனச்சா இன்னமும் சோறு எறங்கல.

— காத்து அடிச்சு விழுந்தேன்னுதானே நான் எல்லார்கிட்டயும் சொன்னேன்.

— அதுதான் என்னைய அறுக்குது. நாலு வார்த்தை வைதிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன். உன் மொகத்துல முழிக்க முடியாமத்தான் போனை எடுக்கல.

— கொடி வந்திருச்சு. கும்பிடு வையி.

— வெச்சாச்சு! தாண்டிட்டோம்! நம்ம படகு சீசனுக்குள்ள வந்திருச்சு ஷீபா! இந்தா பாரு, கரைக்குப் போனதும் அருண்பாண்டிகிட்ட வேணாம்னு சொல்லிப்புடுறேன். கப்பு கெடைக்காட்டிப் போகுது. உன் தோளும் சரியாயிருச்சு. பழையபடி நீயும் நானும். என்ன சொல்ற?

— வேணாம் சேச்சி.

— கோவம் தீரலயா?

— கோவமே இல்ல. உனக்கு ஜோடியாப் போகச் சொல்லி அருண்பாண்டிய அனுப்புனதே நான்தான். இன்னிக்குத்தான் சீசன் தொறக்குதுன்னு போன்ல சொன்னதும் அவந்தான்.

— நீயா அனுப்புன? எதுக்குடி?

— உங்கூட ஏற எனக்குப் பயமாயிருக்கு. இன்னிக்கு ஏறுனது படகு சும்மா கெடக்கக் கூடாதுன்னுதான்.

— அதான் சொல்றேனே புள்ள, இனிமே சொல்லாமத் திருப்பவே மாட்டேன். சத்தியமா!

— திருப்புனது தெரியாம நடந்தது சேச்சி. அன்னிக்குத் தண்ணிக்குள்ள கெடந்து நான் உன்னையத்தான் பாத்தேன். நீ என் பக்கம் திரும்பல. பாயில இன்னும் காத்து இருக்கான்னு பாத்துக்கிட்டிருந்த.