உப்புப் பார்க்க ஓர் ஆள்

— அந்தப் பெட்டியைத் திருப்பி வையுங்கோ ரீச்சர். அதிலை கோழி படத்திலை மட்டும்தான்.

— ஆரது, கிளரன்ஸ் முதலாளியோ? பின்னாலை வந்து நிண்டு கதைக்கிறதோ? கையிலை இருந்தது விழப் பாத்துது.

— விழுந்தாலும் ஒண்டும் ஆகாது, உள்ளுக்குக் கல்லு மாதிரித்தான் கிடக்குது. அதை விடுங்கோ. மானிப்பாயிலை கடை இல்லையெண்டே பஸ் ஏறி ரவுணுக்கு வந்தனீங்கள்? சுப்பர் மார்க்கற் குளிர்ப்பெட்டிக்குள்ளை தலையை விட்டுக்கொண்டு நிக்கிறது ஆரெண்டு பாத்தால், எங்கடை ஸ்ரெல்லா ரீச்சர். நாளைக்குச் சேர்ச்சிலை அறுவடைத் திருநாள். உங்கடை நண்டுக் கறிச் சட்டியை ஏலம் கூறவெண்டு நான் தொண்டைக்கு இஞ்சித் தண்ணி குடிச்சுக்கொண்டு திரியிறன்.

— தெரியும். அது கிடக்கட்டும், உங்கடை கூடையிலை என்ன இவ்வளவு பெட்டி?

— அது என்ரை கிழமைச் சாப்பாடு. மனுசி கண்ணை மூடினாப் பிறகு இதுதான் என்ரை குசினி. இதுக்குள்ளை கிடக்கிற எல்லாத்தையும் ஒரு சுற்றுத் திண்டு முடிச்சிட்டன். எந்தச் சரக்கெண்டாலும் கேளுங்கோ, குணம் சொல்லுறன்.

— குணம் வேண்டாம், புள்ளி போடுங்கோ. பத்துக்கு. அந்தப் பச்சைப் பெட்டி, இடியப்பக் கொத்து?

— நாலு. இடியப்பம் எண்டு சொல்லுறான், கயிறு. வல்வெட்டித்துறையிலை குடுத்தால் வள்ளம் கட்டுவினம்.

— பிறகேன் நாலு?

— கயிறு நல்ல கயிறு, ரீச்சர்.

— சரி. அடுத்தது. சோறும் ஐஞ்சு கறியும்?

— இரண்டு. ஒரு கறியை வைச்சு ஐஞ்சு குழியிலை பிரிச்சு விட்டிருக்கிறான். என்ரை அப்பு ஒரே பருப்பை மூண்டு சாக்கிலை கொட்டி மூண்டு விலை சொன்ன மனுசன். அவர் உதைப் பாத்திருந்தால் எழும்பி நிண்டு கும்பிட்டிருப்பார்.

— ரெண்டு பேருக்கு எண்டு போட்ட புரியாணி?

— ஆறு குடுக்கலாம். ஒராளுக்கு மட்டுமட்டாய்க் காணும். ஆனால் மூடியைக் கிழிக்கேக்கை அந்த ரெண்டு பேருக்கு எண்டதைப் பாக்க எனக்கொரு எரிச்சல் வாறது. என்ரை வீட்டு நிலவரம் உவனுக்கு என்ன தெரியும்?

— ஒடியல் கூழும் வந்திருக்குது போலை. பக்கெற்றிலை.

— அதுக்குப் புள்ளி போட மாட்டன். சுடுதண்ணி விட்டுக் கலக்கினால் கூழாம். கூழ் எண்டால் சுத்தி இருந்து, ஒருத்தன்ரை பிலாவிலையிலை கிடக்கிற இறாலை மற்றவன் பாத்து, எனக்கேன் இல்லையெண்டு சண்டை பிடிக்க வேணும். நான் தனிய ரீவிக்கு முன்னாலை இருந்து குடிச்சனான். சண்டை பிடிக்க ஆளில்லை. செய்தி வாசிக்கிற பொம்பிளையோடைதான் பிடிச்சனான்.

— முழுக்கக் குடிச்சனீங்களோ?

— காசு குடுத்து வாங்கினதெல்லோ.

— சரி முதலாளி. இப்ப கடைசிக் கேள்வி, யோசிச்சுச் சொல்லுங்கோ. உதுக்குள்ளை எது என்ரை நண்டுக் கறிக்குக் கிட்ட வரும்?

— ஒண்டும் வராது. ஏன் கேக்கிறியள்?

— கிட்ட வாறதை வாங்கி, என்ரை மண்சட்டியிலை ஊத்தி, மேலாலை ரெண்டு முருங்கையிலை போட்டு, நாளைக்கு ஏலத்துக்கு வைக்கப் போறன்.

— ரீச்சர், பகிடி விடாதேங்கோ.

— பகிடி இல்லை. போன வருசம் வந்த காய்ச்சலோடை எனக்கு மூக்கும் போச்சு, நாக்கும் போச்சு. கருவாடு எரிஞ்சாலும் தெரியாது. மகள் லண்டனிலை. வீட்டிலை உப்புப் பாக்க ஓர் ஆள் இல்லை. பக்கத்து வீட்டு ஜொய்சி மச்சாளைக் கூப்பிட்டால் அவ நல்லாப் பாப்பா. பாத்திட்டுப் பின்னேரத்துக்குள்ளை, ஸ்ரெல்லாவுக்கு இனிச் சமைக்க ஏலாதாம் எண்டு மானிப்பாய் முழுக்கச் சொல்லிப் போடுவா. பெட்டியிலை எண்டால் உப்பு அளவாய்க் கிடக்கும்.

— கேளுங்கோ ரீச்சர். நான் இரும்புக் கடை வைச்சிருந்தவன். கறள் பிடிச்ச ஆணியைக் கறள் இல்லாத பக்கமாய்த் திருப்பிப் பிடிச்சு வித்தவன். பொய்க்குப் பயந்த ஆளில்லை. ஆனால் உங்கடை சட்டிக்குள்ளை பெட்டிக் கறியை ஊத்தி என்ரை வாயாலை கூறச் சொன்னால், நான் மாட்டன்.

— ஏலம் கூறுறவருக்கு அதிலை என்ன? எடுக்கிறவன் பாடு.

— எடுக்கிறவன் பாவமெல்லோ.

— எடுக்கிறவன் ஆர்? கொஞ்ச வருசமாய் என்ரை சட்டியை விடாப்பிடியாய் நிண்டு எடுக்கிறது உங்கடை தங்கச்சியின்ரை மகன் ஜெரிசன். அவனை நான் படிப்பிச்சனான், முதலாளி. நண்டு திண்டால் உடம்பெல்லாம் தடிச்சு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போற பொடியன்.

— அவன்... வீட்டு ஆக்களுக்கு எடுத்திருப்பான்.

— எந்த வீட்டு ஆக்களுக்கு?

— ஏலம் கூறுறவன் தானே விலை கேக்கக் கூடாதெண்டு ஒரு முறை இருக்குது, ரீச்சர். அதாலை பொடியனை விட்டுக் கேப்பிச்சனான். குற்றமெண்டால் போதகரிட்டைச் சொல்லுங்கோ.

— அப்ப போன வருசக் கறியைத் திண்டதும் நீங்கள். அது நான் காய்ச்சலுக்குப் பிறகு வைச்சது. புள்ளி போடுங்கோ பாப்பம்.

— பத்து.

— முதலாளி.

— சரி, ரெண்டு. நண்டு உயிரோடை இருந்திருந்தால் கடலெண்டு நினைச்சு நீந்தியிருக்கும்.

— பிறகு? கொட்டினீங்களோ?

— கொட்டினால் நாய் திண்டிட்டுத் தண்ணிக்கு ஒழுங்கை ஒழுங்கையாய் ஓடும். ஏன் ஓடுது எண்டு ஆக்கள் விசாரிப்பினம். ஸ்ரெல்லா ரீச்சரின்ரை கறிக்கு ஒரு குறை சொல்ல விடலாமோ? பாண் துண்டைத் தோச்சுத் தோச்சு முழுக்கத் திண்டனான். ஒரு குடம் தண்ணி முடிஞ்சுது.

— விசர் மனுசன். பிறசர் குளிசை போடுற ஆளெல்லோ நீங்கள்?

— குளிசையை ரெண்டாய்ப் போட்டனான். கேளுங்கோ, இந்தப் பெட்டியள் ஒண்டிலையும் உப்பு ஒரு நாளும் பிழைக்காது. மிசின் போடுறது. அண்டைக்குத் திண்டது ஒராள் அடுப்படியிலை நிண்டு, கையாலை அள்ளிப் போட்ட உப்பு. கூடிப் போச்சுது, அவ்வளவுதான்.

— அப்ப நாளைக்குச் சட்டிக்கு நான் என்ன செய்யிறது?

— நான் ஒரு வழி சொல்லுறன். பெட்டியை விடுங்கோ. வழமை போலை நீங்களே நண்டை வையுங்கோ. நான் வந்து உப்புப் பாக்கிறன்.

— ஊர் கதைக்கும்.

— நான் உள்ளுக்கு வரேல்லை. மதிலுக்கு அங்காலை நிக்கிறன், நீங்கள் அகப்பையை நீட்டுங்கோ.

— உங்கடை வயசுக்கு மதிலடியிலை நிண்டு அகப்பை நக்கினால் கதைக்க மாட்டினமோ? உள்ளுக்கு வந்து மேசையிலை இருந்து பாருங்கோ. ஜொய்சி மச்சாளுக்கு ஒரு கோப்பை குடுத்து விட்டால் அவவின்ரை வாயும் நிறையும்.

— அப்ப இண்டைக்குப் பின்னேரம்.

— இண்டைக்கு மட்டுமோ? மற்ற நாளையிலை நான் உப்பில்லாமல் தின்னுறதோ?

— ஞாயிறுகளிலையும் வாறன்.

— ஞாயிறும் புதனும்.

— புதனிலை நான் இடியப்பக் கொத்தெல்லோ.

— கயிறு.

— ஓம், புதனும் வாறன்.

— நண்டு உங்கடை செலவு.

— அதென்ன கணக்கு? உப்புப் பாக்கிறவனும் நான், நண்டு வாங்கிறவனும் நானோ?

— தேங்காய் என்ரை, விறகு என்ரை, உப்பு என்ரை. கூட்டிப் பாருங்கோ.

— உங்களை என்ரை கடைக்கு ஒரு நாளும் வர விடாமல் காப்பாத்தினது கர்த்தர்தான். போட்டிருக்கிற சேட்டையும் கழட்டி வாங்கியிருப்பியள்.

— அந்தச் சேட்டை ஆருக்கு வேணும்? பின்னேரம் வரேக்கை வேறை ஒண்டு போட்டுக்கொண்டு வாங்கோ. பூச்சி உருண்டை மணம் தாங்கேலாமல் கிடக்குது.

— அலுமாரியிலை கனகாலம் கிடந்தது, அதுதான்... நில்லுங்கோ ரீச்சர். மணமோ? உங்களுக்கு மூக்குப் போச்செண்டெல்லோ சொன்னனீங்கள்?

— மூக்கும் நாக்கும் உயிர்த்த ஞாயிறோடையே திரும்பி வந்திட்டுது. நீங்கள் சனிக்கிழமையளிலை இஞ்சை நிப்பியள் எண்டு ஜெரிசன்தான் சொன்னவன். பெட்டியளை வைச்சிட்டுக் கெதியா வாங்கோ, சந்தையிலை நல்ல நண்டெல்லாம் முடியப் போகுது.