தண்ணீர் ஊற்றாத தொட்டி

“மூணு மாசமா ஒரு சொட்டுத் தண்ணி ஊத்தல தம்பி. அதான் இது ஒண்ணு உயிரோட கீது.”

கேளம்பாக்கத்திலிருந்து மாமல்லபுரம் போகும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் இருந்த பெண்மணி பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். பெண்மணியின் மடியில் ஒரு மண்தொட்டி. காய்ந்த மண்ணைத் தவிர அதில் எதுவும் தெரியவில்லை.

“மத்த காந்தள் எல்லாம் இன்னா ஆச்சு அண்ணி? அண்ணன் ஊர் ஊரா அலைஞ்சு சேத்தாரே!”

“அவரு போய்ச் சேந்த மறுவாரமே எல்லாம் காய ஆரமிச்சிடுச்சி. அவரு இல்லாமதான் வாடுதுங்கன்னு நெனச்சி, காலையில சாயங்காலம் ரெண்டு வேளையும் ஊத்தினேன்.”

“ஐயோ! பூ முடிஞ்சா செடி காயத்தான் செய்யும் அண்ணி. கிழங்கு உள்ள தூங்கும். அப்ப ஊத்தினா அழுகிடும்.”

“தோண்டிப் பாத்தேன். எல்லாம் கூழா கெடந்துச்சி. இது மட்டும் மாடியில டேங்குக்குப் பின்னால இருந்துச்சி, என் கண்ணுல படல. மஞ்சப் பூ பூக்குமே, அது. உன் வூட்டுக்குத்தான் எடுத்துகினு வரேன். நீயே வெச்சிக்க.”

“வேணாம் அண்ணி. உங்க கிட்டயே இருக்கட்டும். மழை வந்தா தானா முளைக்கும். அப்புறம் ஊத்துங்க. அதுவரைக்கும் தொடாதீங்க.”

பேருந்து திருப்போரூரைத் தாண்டியது. பெண்மணி தொட்டியின் விளிம்பை முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

“அதுவரைக்கும் நான் இன்னா பண்றது தம்பி?”