தண்ணீர் திரும்பி வந்த தெரு

காஞ்சிபுரத்திலிருந்து முசரவாக்கம் போகும் பேருந்தில் உட்கார்ந்திருந்தேன். "சாட்டிலைட்டு பள்ளம்னு சொன்ன எடம், தண்ணிக்கு மேடா இருக்குதுமா" என்று முன் இருக்கையில் ஒரு குரல் கேட்டது. சொன்னவர் ஒரு சர்வேயர். அளவுக் கருவி இருந்த பெட்டியை மடியில் வைத்திருந்தார். பக்கத்தில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்.

"அது எப்படிப்பா? பள்ளத்துக்குத்தானே தண்ணி போவும்?"

"சாட்டிலைட்டு காட்றது வெறும் ஒசரம்மா. தண்ணி பூமி இழுக்கிற பக்கந்தான் போவும். அந்த இழுப்பு எடத்துக்கு எடம் கொஞ்சம் மாறும். அதையும் அளந்து சேத்தாத்தான் மேடு பள்ளம் சரியா தெரியும். போன தபா அத சேக்காமயே கால்வா வெட்டிட்டாங்க. இப்ப அத திரும்ப அளக்கத்தான் வந்துக்கினு இருக்கேன்."

"அந்தக் கால்வா தண்ணி திரும்பி எங்க தெருவுக்குள்ளதான்பா வந்துச்சு. எங்க வீட்டுக்காரரு எழுந்திருக்க முடியாம படுத்துக்கினு இருந்தாரு. நான் ஓடிப்போய் ஆளக் கூட்டியாறதுக்குள்ள கட்டிலு முழுகிப்போச்சு."

சர்வேயர் மடியிலிருந்த பெட்டியைக் கீழே இறக்கி வைத்தார்.

"அப்ப வந்து அளந்தது யாருப்பா?"

"நான்தாம்மா."

அந்த அம்மாள் திட்டவில்லை, அழவுமில்லை. தன் ஊர் நிறுத்தம் வந்ததும் எழுந்து நின்றார்.

"எறங்கு. எங்க வீட்டு செவுத்துல தண்ணி நின்ன கறை இன்னும் இருக்குது. மொதல்ல அத அளந்துக்கோ."

சர்வேயர் இறங்க வேண்டிய நிறுத்தம் அது இல்லை. இருந்தும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அந்த அம்மாளுக்குப் பின்னால் இறங்கினார்.