ஆண்டு எழுதாத கோடு

– நேத்து எங்க கொள்ளுத்தாத்தா கூரை ஓட்டைப் பிடுங்கி எறிஞ்சே கடல் கொள்ளைக்காரனை விரட்டினாருன்னு சொன்னே. இன்னிக்கு அவரே கொள்ளைக்காரராயிட்டாரு. நாளைக்கு என்ன பண்ணப் போறாரு, கியெம்?

– நேத்து நான் கூட்டிட்டு வந்தது பள்ளிக்கூட வாத்தியாருங்க, லியூ. அவங்களுக்கு நல்லவர் வேணும். இன்னிக்குப் புதுசாக் கல்யாணமான ஜோடிங்க. இந்தப் பழைய வீட்டைச் சுத்திப் பாக்க வர்றவங்க முன்னாடி வீட்டுக்காரம்மா சிரிச்சுக்கிட்டே தலையாட்டினா என்ன குறைஞ்சு போச்சு?

– அவரு மிளகு வித்தாருடா. தும்மித் தும்மியே காலத்தை ஓட்டினாரு. அதைச் சொல்லு.

– அதைச் சொன்னா எவன் படம் எடுப்பான்? அந்த மச்சு ஓட்டை இருக்கே, காதலன் கயிறு கட்டி இறங்கின வழின்னு சொன்னேன். அந்தப் பொண்ணு கண்ணைத் தொடைச்சுக்கிட்டா.

– வெள்ளம் வந்தா சாமானை மேல ஏத்துற ஓட்டை அது. அது வழியா ஏறினது அரிசி மூட்டையும் ரெண்டு பன்னியும்தான். போகட்டும், இனிமே இஷ்டத்துக்கு அளந்துக்கோ. காலையில ஏழு மணி பஸ்ல நான் சைகோன் போறேன்.

– பஸ்ஸுலயா?

– பின்னே, உன் கதையில வர்ற ஜப்பான்காரன் கப்பலா வரும்? என் வீட்டுக்காரரு போயிச் சேர்ந்து ஒன்பது வருஷமாச்சு, தனியா எதுக்கும்மா கெடக்கேன்னு வின் கூப்பிட்டுக்கிட்டே இருக்கான். பெத்த புள்ளை. எத்தனை தடவைதான் மாட்டேங்கிறது? வீட்டை ஒரு காபிக்கடைக்காரருக்கு விடப்போறான்.

– அங்க பன்னெண்டாவது மாடி. வெள்ளம் வராது, உனக்குத் தூக்கமும் வராது. வாசலுக்கு மேல, இங்க இருக்கிற மாதிரி காவலுக்கு மரத்துல செதுக்கின கண்ணு கூட கிடையாது. யாரு வர்றா போறான்னு கதவு எப்படிப் பாக்கும்?

– கதவுல கண்ணாடி ஓட்டை வச்சிருக்கானாம். அது பாக்கும்.

– இந்தப் பலாமரத் தூணை அந்தக் காபிக்கடைக்காரர் என்ன பண்ணுவாரு?

– வழவழன்னு இழைச்சுக் கறுப்பு அடிப்பாராம்.

– வெள்ளம் ஏறின உசரத்துக்கு வருஷம் போட்டுக் கீறின கோடெல்லாம்? அறுபத்துநாலு, தொண்ணூத்தொம்பது?

– போயிரும். உனக்கென்ன, வாயிலயே வெள்ளம் வச்சிருக்கே.

– அந்த ஆண்டு எழுதாத கோடு?

– அதுக்குத்தான் தினம் ஒரு கதை விடுறியே. திங்கட்கிழமை வாள்வெட்டு, புதன்கிழமை யானை உரசினது. இந்த வாசல்ல யானை எப்படி நுழைஞ்சுதுன்னு ஒருத்தரும் கேக்கலை பாரு.

– நீ மட்டும் என்னவாம்? தெத் புத்தாண்டுப் பண்டிகைக்கு வருஷா வருஷம் தூணுக்கெல்லாம் எண்ணெய் பூச ஆள் விடுறே. அந்தக் கோட்டைச் சுத்தி மட்டும் ஒரு சாண் வறண்டு கெடக்கு. கஞ்சத்தனத்துக்கும் ஒரு அளவு வேணாமா?

– எண்ணெய் தீர்ந்திருக்கும்.

– முப்பத்தாறு வருஷமாவா?

– பேசாம காவ் லாவ் நூடுல்ஸைச் சாப்பிடு. ஆறுது.

– லியூ, அது வெள்ளம் ஏறின கோடு இல்லை.

– தெரியுமே, யானைக் கோடு.

– கேலி பண்ணாம கேளு. உனக்குப் பத்தொன்பது வயசு. வீட்டுக்குள்ள இடுப்பளவு தண்ணி. உங்கப்பா மச்சுல இருந்து கயித்தை இழுத்தாரு, நான் கீழ மூட்டை கட்டிக் குடுத்தேன். அடுத்த மாசம் உனக்குக் கல்யாணம், வீட்டோட மாப்பிள்ளை வர்றாரு. நீ இந்தத் தூணுல சாஞ்சு மூச்சு வாங்கினே. என் கையில கயிறு அறுக்குற கத்தி இருந்துச்சு. உன் தலை உசரத்துக்கு ஒரு கீறல் போட்டேன். வேற எதுக்கும் எனக்குத் தைரியம் வரலை. ஊரெல்லாம் பொய் சொல்றேன், இந்த ஒரு உண்மையை மட்டும் யார்கிட்டயும் சொன்னதில்லை. திட்டவாவது செய்.

– கத்தி என் தலைக்கு மேலதான் கர்ருன்னு உரசுச்சு, கியெம். நான் என்ன செவிடா? அந்த ஒரு சாண்ல எவன் கையும் படாம இத்தனை வருஷமாப் பாத்துக்கிட்டு நிக்கிறேன், கஞ்சத்தனமாம். வரலைன்னு வின்னுக்கு நான் போன் பண்ணிக்கிறேன். நீ நாளைக்குக் கூட்டத்தைக் கூட்டிட்டு வா. அந்தக் கோட்டுக்கு மட்டும் உள்ளதைச் சொல்லு, நான் பக்கத்துல நின்னு தலையாட்டுறேன்.