பிடில் பாறையில கரை சேத்த கதை

மலைக்கு ரோடு வராத காலம். அரிசியும் கருவாடும் பொதிமாட்டு முதுகுல ஏறி வந்த காலம். அப்ப நம்ம வெள்ளக்கல்லு தேயிலை எஸ்டேட்டுல சொரிமுத்துன்னு ஒருத்தர் இருந்தாராம். திருநெல்வேலிப் பக்கத்து ஆளு. சவரத் தொழில். நாயனமும் ஊதுவாரு. கல்யாணத்துக்கும் அவருதான், சாவுக்கும் அவருதான். பொண்டாட்டியக் கூட்டிக்கிட்டு மலையேறுனாரு. மூணாம் மாசமே காய்ச்சல் அவளக் கொண்டுபோயிருச்சு. பிள்ளைகுட்டி கிடையாது. எனக்கு அவரு ரத்த சொந்தமில்ல. ஆனா கூலிக்காரங்க வரிசை வீடான இந்த லயத்துல பொறந்த எல்லாருக்கும் அவரு பாட்டன் முறைதான். எப்படின்னு கேளுங்க.

அப்ப ராஸ்னு ஒருத்தர் சின்னத் துரையா வந்தாராம். ஸ்காட்லாந்துல ஏதோ ஒரு தீவு. ஆளு நெட்டை, பேச்சு குட்டை. கிளப்புக்குப் போக மாட்டாரு, வேட்டைக்குப் போக மாட்டாரு. பங்களா வராந்தாவுல நின்னு பிடில் வாசிப்பாரு. நம்ம பக்கம் பிடில்காரர் சம்மணம் போட்டு உக்காந்து வாசிப்பாரு. இவரு நின்னுக்கிட்டே, தாடைக்குக் கீழ இடுக்கி வாசிப்பாராம். அதனால இடது தாடைக்கு அடியில காய்ச்சுப்போன ஒரு தழும்பு. தெனம் காலையில சவரம் பண்ணப் போற சொரிமுத்து, அந்த இடம் வந்தா மட்டும் கத்திய வளைச்சு எடுப்பாராம்.

சவரம் முடிஞ்சா வாசிப்பு. ஆனா கதை சொல்லாம ஒரு பாட்டும் தொடங்க மாட்டாரு துரை.

"சொரிமுத்து, இது ஒரு விதவை பாட்டு. ஒரு மாடுதான் இருந்துது. அத வித்துது. மாடு போற வழியில நின்னு அழுதுது."

"மாடு அழுதுதா, விதவை அழுதுதா தொரை?"

"ரெண்டும்."

கல்யாண வீட்டுல ஆடிட்டு ஒத்தச் செருப்போட வீடு வந்தவன் பாட்டு ஒண்ணு. பாதிரியாரோட நொண்டிக் குதிரைக்கு ஒண்ணு. யாரு கட்டுனது, எதுக்குக் கட்டுனதுன்னு சொல்லாம வாசிச்சா, அது திருடி வாசிச்ச மாதிரியாம் அவங்க ஊர்ல.

ஒரே ஒரு பாட்டுக்கு மட்டும் கதை சொல்ல மாட்டாராம். தெனம் கடைசியா அதத்தான் வாசிப்பாரு. ரெண்டாவது அடியில, பாட்டு மேல ஏறுற இடத்துல, டக்குனு நிறுத்திருவாரு. நேத்தும் அங்கதான், இன்னைக்கும் அங்கதான்.

ஒருநாள் சொரிமுத்து கேட்டே புட்டாரு. "இதுக்கு மட்டும் ஏன் தொரை கதை இல்ல?"

துரை மழையப் பாத்துக்கிட்டே சொன்னாராம். "என் அண்ணன் கடலுக்குப் போச்சு. பத்தொம்போது வயசு. படகு திரும்பல. எங்க அப்பா இது பாட்டு கட்டுச்சு. அவன் கரைக்கு வர்ற அன்னைக்கு மீதி கட்டும்னு சொல்லுச்சு."

"எத்தன வருசமாச்சு?"

"பன்னெண்டு. அப்பா இன்னும் காத்திருக்கு."

இங்கதான் நம்மாளு ஒரு காரியம் பண்ணாரு. நாயனக்காரர் கை சும்மா இருக்குமா? மங்களம் வாசிக்காம நாயனத்தக் கீழ வைக்கிறது அவரு பரம்பரையிலயே கிடையாது. அந்தப் பாட்டு பாதியில நிக்கிறது அவருக்குத் தொண்டையில முள்ளு மாதிரி இருந்துச்சாம். ஆடி மாசம் பூராவும் லயத்துல உக்காந்து ஊதிப் பாத்தாரு. தானா ஒரு முடிவு கட்டுனாரு. சந்தோசம் தாங்கல. மறுநாள் நாயனத்தக் கையோட எடுத்துட்டுப் போயி துரை முன்னால ஊதுனாரு. நிக்கிற இடத்துல நிக்கல. மேல ஏறி, வளைஞ்சு, எறங்கி, முடிச்சுட்டாரு.

துரை மூஞ்சி சுண்ணாம்பு மாதிரி வெளுத்துப்போச்சாம்.

"யாரு சொன்னது? நீ முடிச்சா என் அண்ணன் செத்துப்போச்சு. தெரியுமா? போ. நாளைக்கு வராதே."

சொரிமுத்து போயிட்டாரு. மறுநாள் வரல. அதுக்கு மறுநாளும் வரல. துரை தானா சவரம் பண்ணிப் பாத்து, கன்னத்தக் கீறிக்கிட்டு, அப்புறம் தாடிய அது போக்குல விட்டுட்டாராம். பிடில் சத்தமும் நின்னுபோச்சு. மலையில முந்நூறு பேரு. ஆனா பாட்டப் பத்திப் பேசணும்னா இவருக்கு அவரு, அவருக்கு இவரு. அதுவும் போச்சு. இவரு பங்களா வழியாப் போவாராம். அவரு வராந்தாவுல நிப்பாராம். ரெண்டு பேரும் தேயிலையப் பாப்பாங்களாம்.

ஐப்பசி மாசம் தபால் வந்துச்சு. துரையோட அப்பா செத்துட்டாராம். அம்மா முன்னாடியே இல்ல. தீவுல வீடு பூட்டிக் கிடக்குதாம். அதோட துரைக்குக் காய்ச்சல் புடிச்சுச்சு. நாலாம் நாள் பட்லர் சந்தியாகுவக் கூப்பிட்டு, "சொரிமுத்து வரட்டும். பாட்ட முடிக்கட்டும்"னு சொன்னாராம்.

சொரிமுத்து அன்னைக்குன்னு பாத்து கீழ் டிவிசனுக்குச் சவரம் பண்ணப் போயிருந்தாரு. நாலு மைல் மழையில ஓடி வந்தாரு. வந்து பாத்தா, உசுரு போயிருச்சு. தாடியோட அனுப்ப மனசு வரல. கத்தியத் தீட்டி, மெதுவா வழிச்சுவிட்டாராம்.

வழிச்சுக்கிட்டே கேட்டாரு. "சந்தியாகு, மெய்யாலுமே சொன்னாரா?"

"சொன்னாருப்பா. காய்ச்சல்ல சொன்னாரு. ஆனா சொன்னாரு."

மறுநாள் துரைமாரு கல்லறையில அடக்கம். லயத்து ஆளுங்க உள்ள போகக்கூடாது. சொரிமுத்து என்ன பண்ணாரு? கல்லறைக்கு எதிர்ல இருக்கே பெரிய பாறை, அதுமேல ஏறுனாரு. நாயனத்த எடுத்தாரு. ஊதுனாரு. பள்ளம் பூரா கேட்டுச்சாம். பெரிய துரை குடைக்குள்ள இருந்து நிமிந்து பாத்து, "அத நிறுத்து"ன்னு கங்காணி பலவேசத்த விரட்டுனாரு. பாறை மேல ஏற அரை மணி நேரம் ஆகும். பலவேசத்துக்குத் தொப்பை வேற.

அவரு மேல வந்து சேந்தப்ப, சொரிமுத்து நாயனத்தக் கையில வச்சுக்கிட்டு சும்மா நின்னாராம்.

"ஏலே, நிறுத்தச் சொன்னாரு பெரிய துரை."

"நிறுத்திட்டேன் அண்ணாச்சி."

"பொறவு ஏன் இங்கயே நிக்க?"

"பாட்ட இன்னும் கரை சேக்கல. அவரு காய்ச்சல்ல சொன்னாரோ, மனசாரச் சொன்னாரோ தெரியல. ஒருக்கா முடிச்சு அவர நோகடிச்சுட்டேன். செத்தவர நோகடிச்சா யாருகிட்டப் போயி மன்னிப்புக் கேக்க?"

பலவேசம் கீழ பாத்தாராம். குழியச் சுத்தி நாலு குடை. ஒருத்தர் புஸ்தகம் வாசிக்காரு, மூணு பேரு பூட்ஸ்ல ஒட்டுன சேத்த உதறுதாங்க.

"அந்த நாலு குடையில ஒண்ணுகூட அழலடே. லயத்துக்கே தெரியும், அந்தப் பாட்டக் கட்டிட்டுக் காத்துக்கிட்டிருந்த அப்பனும் போயிட்டாரு. இந்தத் துரைக்காகக் காத்துக்கிட்டிருக்க எவனும் இல்ல. நீ முடிக்கலன்னா வேற யாரு முடிப்பா? சேத்துட்டு வா. நான் இன்னும் மேல ஏறி வரல."

சொல்லிட்டு முதுகக் காட்டி உக்காந்துக்கிட்டாராம்.

சொரிமுத்து ஊதுனாரு. நிக்கிற இடத்தத் தாண்டி ஏறுச்சு. வளைஞ்சுச்சு. எறங்குச்சு. கடைசியில படகு மணல்ல உரசி நிக்குமே, அப்படி வந்து நின்னுச்சாம். கீழ முதல் மண்ணு விழுந்துச்சாம்.

ஒரு வாரம் சொரிமுத்துவுக்கு வேலை கிடையாதுன்னு பெரிய துரை உத்தரவு போட்டாரு. ஒரு வாரம் எஸ்டேட்டுல ஒரு மூஞ்சிக்கும் சவரம் கிடையாது, பெரிய துரையையும் சேத்து. எட்டாம் நாள் அவரே ஆள் விட்டாரு.

அடுத்த வருசம் அஞ்சாம் நம்பர் லயத்துல பேராச்சின்னு ஒருத்தி செத்துப்போனா. கொழுந்து பறிக்க ஒத்தையா வந்தவ, ஊரு பேரு யாருக்கும் தெரியாது. பொம்பளைங்க வந்து கேட்டாங்களாம், "துரைக்கு ஊதுனியே, இவளுக்கு மட்டும் யாரு இருக்கா?" அன்னைக்கும் பாறை ஏறுனாரு. அதுல இருந்து நாதியத்துச் செத்த ஒவ்வொருத்தருக்கும் ஏறுனாரு. மேல நின்னு மொதல்ல கதை சொல்லுவாராம். இது இன்னாரு கட்டுனது, இன்னாரு மகனுக்காகக் கட்டுனது, நான் இன்னாருகிட்ட வாங்குனதுன்னு. அப்புறந்தான் ஊதுவாரு.

அந்தப் பாறை மேல ஒருநாளும் யாரும் பிடில் வாசிச்சதில்ல. இருந்தாலும் பேரு பிடில் பாறை.

கடைசியில சொரிமுத்துவும் செத்தாரு. புள்ளை இல்ல, பங்காளி இல்ல. நாயனம் ஊதத் தெரிஞ்ச ஒரு ஆளும் மலையில இல்ல. அவர அப்படியே மண்ணுல போட மனசு வருமா? பலவேசம் கங்காணி, கிழவனாயிட்டாரு அப்ப, தடிய ஊனிக்கிட்டு முன்னால ஏறுனாராம். பின்னாலயே லயத்துச் சனம் ஏறுச்சு. கொழுந்துக்கூடையோட பொம்பளைங்க, ஆம்பளைங்க, கைப்பிள்ளைக்காரிங்க, பட்லரு வீட்டு ஆளுங்க. கதையச் சொன்னாங்க. அப்புறம் முந்நூறு பேரும் அவரு பெத்த பிள்ளைங்க மாதிரி வாயாலயே அந்தப் பாட்ட முனகுனாங்களாம். நிறுத்துற இடத்துல நிறுத்தி, மண்ணு விழுந்ததும் முடிச்சாங்களாம்.

அதனாலதான் இன்னைக்கும் இந்த எஸ்டேட்டுல ஆளில்லாதவங்க சாவுக்கு மேளம் சொல்லி அனுப்புறதில்ல. நாமளே ஏறுறோம்.